தர்ஜினி சிவலிங்கம்

ஆசிய வலைப்பந்தாட்டத்தில் தர்ஜினி சிவலிங்கத்தைப் போல் எதிரணிகளை நீண்டகாலம் திணறடித்த வீராங்கனைகள் மிகக் குறைவு. 1979இல் பிறந்த இவரது உயரம் 208 சென்ரிமீற்றர்.

யாழ்ப்பாணம் புன்னாலைக்கட்டுவனை அடுத்த ஈவினைதான் சொந்த ஊர். மட்டக்களப்புக்கு அவரை அழைத்து வந்தது படிப்பு. அங்குள்ள வாவியின் வடபுறம், வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மாணவி அவர். 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்த அந்த வளாகம், போர்க்காலத்தில் பட்ட பாடு கொஞ்சமல்ல. அங்கே படித்த ஒரு தமிழ்ப் பெண், சிங்கள வீராங்கனைகளே நிறைந்திருந்த தேசிய அணியின் நம்பிக்கையாக மாறியது சாதாரண விடயமன்று.

வலைப்பந்தில் அணிக்கு எழுவர். ஆனால் கோல் போடும் உரிமை இருவருக்கு மட்டுமே. வளையம் 3.05 மீற்றர் உயரத்தில் இருக்கும். கூடைப்பந்தில் உள்ளது போன்ற பின்பலகை கிடையாது. பந்தை மூன்று விநாடிக்கு மேல் கையில் வைத்திருக்கவும் முடியாது. தடுப்பாளர்களின் கைகளுக்கு மேலாக வரும் பந்தை எட்டிப் பிடித்து, காலை ஊன்றித் திரும்பி, அலட்டிக்கொள்ளாமல் வளையத்துக்குள் போட்டுவிடுவார் தர்ஜினி. உயரம் உதவியது உண்மை. ஆனால் ஆட்டத்துக்கு ஆட்டம் குறி தப்பாதிருக்கப் பயிற்சிதான் வேண்டும்.

2009இல் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றபோது அவர் அணியில் இருந்தார். பின்னர் மெல்பேர்ன் சென்று சிட்டி வெஸ்ட் ஃபால்கன்ஸ் கழகத்துக்காக ஆடினார். இடைவெளிக்குப் பின் 2018இல் தேசிய அணிக்குத் திரும்பினார். அவ்வாண்டு சிங்கப்பூரில் நடந்த ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் அந்நாட்டு அணியை 69–50 என வீழ்த்தி, ஒன்பது ஆண்டுகளின் பின் கிண்ணத்தை மீண்டும் வென்றது இலங்கை. அந்த அணியில் எழிலேந்தினி சேதுகாவலர் என்ற இன்னொரு தமிழ் வீராங்கனையும் இடம்பெற்றிருந்தார்.

2019 லிவர்பூல் உலகக் கிண்ணம்தான் அவரது உச்சம். இலங்கைக்குக் கிடைத்தது 15ஆம் இடம். ஆனால் தொடரிலேயே அதிக கோல் போட்டவர் தர்ஜினி: 348 கோல்கள். வயது அப்போது நாற்பது!

பொருளாதார நெருக்கடியில் நாடு தவித்த 2022இல் இலங்கை ஆறாவது முறையாக ஆசியக் கிண்ணத்தை வென்றது. இறுதிப் போட்டி நடந்த செப்டெம்பர் 11ஆம் திகதியே துபாயில் கிரிக்கெட் அணியும் ஆசியக் கிண்ணம் வென்றது. 2023 கேப் டவுண் உலகக் கிண்ணத்திலும் தர்ஜினி ஆடினார்.

வாவிக்கரைப் பாடசாலைகளின் விளையாட்டு ஆசிரியர்கள், வகுப்பில் உயரத்துக்காகக் கேலிக்குள்ளாகும் பிள்ளைகளுக்கு இவரது கதையை அவசியம் சொல்ல வேண்டும். கையில் ஒரு பந்தையும் கொடுக்க வேண்டும்.