எல்லா அலைக்கும் ஒரே மரமா?

அலைச்சறுக்கில் ஈடுபட்டோரிடையே தீராத வினா ஒன்று உண்டு. ஒரே ஒரு பலகைதான் வைத்துக்கொள்ளலாம் எனில், எந்த வடிவம் எல்லா அலைக்கும் ஈடுகொடுக்கும்? நீண்டு அகன்ற தட்டைப் பலகை மெலிந்த அலையிலும் வேகம் பிடிக்கும். செங்குத்தாக எழுந்து மடியும் அலையிலோ அதன் மூக்கு நீருக்குள் குத்திவிடும். முனை மேல்நோக்கி வளைந்த குட்டைப் பலகை அத்தகைய அலையில் விரைந்து திரும்பும். மெலிந்த அலையில் தயங்கி நின்றுவிடும். ஹவாய்த் தீவின் பழங்குடியினர் இதற்கு இருவகைப் பலகைகளை வைத்திருந்தனர். ஓலோ என்பது உடையாத நெடிய அலைக்கான நீண்ட, தடித்த பலகை; அலாயா என்பது உடையும் அலைக்கான குறுகிய, மெல்லிய பலகை.

இதே வினாவை நம் கடற்கரையும் கேட்டிருக்கிறது. இங்கு அது பிழைப்பின் வினா. விடை தவறினால் உயிர் போகும். நம் முன்னோர் கண்ட விடைகளுள் முதன்மையானது கட்டுமரம்.

சோழமண்டலக் கரையில் வங்கக் கடலின் அலை நேரே வந்து மோதி உடைகிறது. அவ்வலையைக் கடக்கும் கலம் நீரை ஏந்தலாகாது. கட்டுமரத்தின் மரங்களுக்கிடையே உள்ள இடைவெளி வழியே ஏறிய நீர் தானே வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் மூழ்காது, நிமிர்த்தி ஏறிக்கொள்ளலாம். மேல்நோக்கி வளைந்த அதன் அணியம், அலைச்சறுக்குப் பலகையின் வளைந்த முனை செய்யும் வேலையையே செய்கிறது. கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே உலர்த்துவர். மறுநாள் மீண்டும் கட்டுவர்.

இந்த அவிழ்ப்பிலும் கட்டிலுமே அதன் நுட்பம் இருக்கிறது எனக் கருதுகிறோம். கரையோரத் தொழிலுக்குச் சில மரங்கள் போதும். தொலைகடலில் கோலா மீன் பிடிக்கச் செல்வதற்கோ ஏழு மரங்கள் சேர்த்த கோலாமரம். எல்லா அலைக்கும் பொருந்தும் ஒரு வடிவத்தைத் தேடாமல், வேலைக்கேற்ப மாற்றிக் கட்டத்தக்க ஒரு முறையை நெய்தல் நில மக்கள் கண்டனர். சென்னைத் துறைமுகம் கட்டப்படுமுன் கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஓடிய மசூலா படகும் இவ்வினாவுக்கு மற்றொரு விடை. ஆணியின்றிக் கயிற்றால் தைத்த அதன் பலகைகள், மணலில் மோதும்போது உடையாமல் நெகிழ்ந்துகொடுத்தன.

ஆனால் தெற்கே தொண்டிக்கு வந்தால் வினாவே வேறாகிறது. கோடியக்கரையும் யாழ்ப்பாணத் தீபகற்பமும் வங்கக் கடலின் நெடிய அலையைத் தடுக்கின்றன. தெற்கே ராமேஸ்வரம் தீவும் மணல்திட்டுகளும் அரணாக நிற்கின்றன. பாக் விரிகுடாவின் பெரும்பகுதியில் ஆழம் 15 மீட்டரைத் தாண்டுவதில்லை. இப்பகுதியினர் இதனைப் பெண்கடல் என்றும், தீவுக்குத் தெற்கே உள்ள மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் அழைப்பர். கச்சான் வீசுங்கால் ஆண்கடல் கொந்தளிக்கும், பெண்கடல் அடங்கியிருக்கும். வாடையில் நிலைமை தலைகீழாகும்.

ஆகவே தொண்டிக்காரரின் கலம் அலையைவிடக் காற்றுக்கே விடைசொல்ல வேண்டியிருந்தது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையும் தொண்டியைக் காற்றோடு சேர்த்தே நினைக்கிறது. தொண்டியோர் கலங்களில் வந்த அகில், ஆரம், கருப்பூரம் முதலியவற்றின் மணத்தை அங்கே மதுரைக்குச் சுமந்துவருவது கீழ்க்காற்றாகிய கொண்டல். இக்கரையின் பலகைக் கலத்திற்கு வத்தை என்று பெயர். சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி 1920இல் வெளியிட்ட ஆய்வில், பாக் விரிகுடாப் பாய்ப்படகுகளின் சமன்பலகையைக் குறித்திருக்கிறார். படகின் குறுக்கே வெளிநீளும் பலகை அது. காற்று பாயை ஒருபுறம் சாய்க்க, ஆட்கள் எதிர்ப்புறம் பலகைமேல் நகர்ந்து தம் உடல் எடையால் கலத்தை நிமிர்த்துவர். காற்று வலுத்தால் ஆள் மேலும் வெளியே நகர்வார். கட்டுமரத்தில் மரங்களின் எண்ணிக்கை செய்ததை இங்கே மனித உடல் செய்தது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக வந்த படகுகளில் பெரும்பகுதி ஃபைபர் படகுகள். அவை இலகுவானவை, இயந்திரம் பொருத்தத்தக்கவை. துடுப்பு வலித்தே தேய்ந்த கைகளுக்கு அவை அளித்த ஓய்வைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. எனினும் அச்சில் வார்த்த கலத்தை அவிழ்த்துக் கட்ட இயலாது. இயந்திரம் இருக்கும்போது சமன்பலகைக்கும் வேலையில்லை. ஆண்கடலுக்கும் பெண்கடலுக்கும் ஏறத்தாழ ஒரே வடிவம் போதும் என்றானபின், இரண்டையும் வேறுபடுத்தி அறிந்த சொற்களும் வழக்கொழிகின்றன.

நெய்தல் திணையைப் பாடம் நடத்தும் நாம், அணியம் என்ற சொல்லுக்கு அகராதியைப் புரட்டுகிறோம். தொண்டிக் கரையில் வத்தை கட்டிய முதிய தச்சரிடம் அமர்ந்து, அளவுகளையும் உறுப்புப் பெயர்களையும் எழுதிக்கொள்ள மாணவர்களை அனுப்பலாம். அதற்கு ஒரு குறிப்பேடும் ஒரு விடுமுறையும் போதும். அத்தச்சர்கள் இருக்கும்போதே அதைச் செய்தாக வேண்டும்.