கங்கம்மாவின் ரவிக்கை

போன மாதம் வீட்டில் எல்லோரும் 'தங்கலான்' பார்த்தோம். பா. ரஞ்சித் இயக்கி 2024ல் வந்த படம். கதை எங்கள் கோலார் தங்கவயல் பற்றியது என்பதால் நானே பிடித்து உட்கார வைத்தேன்.

படத்தில் பெண்கள் முதன்முதலாக ரவிக்கை போட்டுக்கொண்டு சிரித்துக் கும்மாளமிடும் காட்சி வந்தது. "இதுக்கு எதுக்குப்பா இவ்ளோ சந்தோஷம்?" என்றாள் என் மகள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். சட்டென்று எனக்குப் பதில் வரவில்லை.

கதை நடப்பது 1850களில். அதே காலத்தில் திருவிதாங்கூரில் தோள்சீலைக் கலகம் நடந்தது. நாடார் பெண்கள் மேலாடை அணிய 1859ல் அரசாணை வரவேண்டியிருந்தது. சாதி, பெண்ணின் உடம்பில்தான் முதலில் கணக்கு எழுதியது. பார்வதி நடித்த கங்கம்மா அழுவதற்கென்றே வருபவள் அல்ல; புருஷனோடு சண்டை போடுகிறாள், சிரிக்கிறாள், மண்ணும் சுமக்கிறாள்.

2018ல் வந்த 'கே.ஜி.எஃப்' படத்தை நினைத்துப் பாருங்கள். எங்கள் சயனைடு மேடுகளில் எடுத்த படம்தான். அதில் சுரங்கத்து ஜனங்கள் அடிமைகள், பெண்கள் நாயகனுக்காகக் காத்திருப்பவர்கள். அவர்கள் என்ன சாதி என்ற பேச்சே கிடையாது. நிஜத்தில், 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தபின் சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வடஆற்காடு, சேலம், சித்தூர் பக்கத்து தலித் மக்கள்.

ஆனால் கங்கம்மாவின் பேத்திகள் கதையை இன்னும் யாரும் எடுக்கவில்லை. 1952 சுரங்கச் சட்டம் பெண்கள் நிலத்தடியில் வேலை செய்வதைத் தடுத்தது. பாதுகாப்புக்காகத்தான், சரி. ஆனால் நிலத்தடிச் சம்பளம் ஆண் கையில் நின்றது. அவன் நெஞ்சு நோயில் விழுந்தால் பாரம் மட்டும் பெண் தலையில். 2001 பிப்ரவரி 28ல் சுரங்கம் மூடியது. அதன்பின் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போனவர்களில் பெண்களும் உண்டு.

என் ஆயாவும் லைன் வீட்டில் வாழ்ந்தவள்தான். தாத்தா போனபின் வடை சுட்டு விற்று நாலு பிள்ளைகளைப் படிக்க வைத்தாள். நான் பி.காம். முடித்து பேங்க் வேலையில் உட்கார்ந்ததும் அந்த வடைக் காசில்தான். இதையோ, நாங்கள் என்ன சாதி என்பதையோ மகளிடம் சொன்னதே இல்லை. கௌரவம் என்று நினைத்திருந்தேன். பயம்தான் போலிருக்கிறது.

அன்று ராத்திரி சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஆயா போட்டோ இருக்காப்பா?" என்றாள்.

ஒன்றே ஒன்று இருக்கிறது. அதை இப்போது ஹாலில் மாட்டியிருக்கிறோம்.