தேறும்

'ஸ்டேண்ட் எ சான்ஸ்' என்ற ஆங்கிலத் தொடருக்குத் தமிழில் ஒரே சொல் கிடையாதாம். 'வெற்றி வாய்ப்பு பிரகாசமாக உள்ளது' என்றுதான் எழுதியாக வேண்டும் என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொன்னார். 'தேறுவான்' இருக்கிறதே என்றேன். அது பரீட்சைச் சொல், 'தேர்வு' திரிந்து வந்தது என்றார். இதைப் பலர் சொல்லக் கேட்டுவிட்டேன். இனிப் பொறுப்பதற்கில்லை.

ஜூனில் பெரியாற்றுத் தண்ணீர் திறந்து நடவு முடிந்ததும் அனுமந்தன்பட்டி வயல் வரப்பில் போய் நின்று பார்க்கட்டும். நட்ட நாற்று முதலில் வெளுத்துத் துவண்டு கிடக்கும். "என்னண்ணே, தேறுமா?" என்று கேட்பார்கள். குனிந்து குருத்தை விரித்துப் பார்த்து, அடியில் பச்சை ஏறியிருந்தால், "தேறிரும்ப்பா" என்பார் வயல்காரர். காய்ச்சலில் கிடப்பவருக்கும் நொடித்த கடைக்கும் இதே சொல்தான். பரீட்சை பிந்தி வந்து ஒட்டிக்கொண்டது.

தேர்தல் வேறு, தேறுதல் வேறு. 509ஆம் குறளில் வள்ளுவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்: ஆராய்வது முன், நம்புவது பின். இரண்டும் ஒன்றென்றால் அந்தக் குறளுக்கே பொருள் இல்லை. தொல்காப்பியர் ஏகாரத்துக்குச் சொல்லும் ஐந்து பொருளில் தேற்றம் ஒன்று. அங்கே அது ஐயம் நீங்கிய உறுதி.

வேர், தெளிவுதான். சங்கப் பாடல்களில் தேறல் என்பது தெளிந்த கள். கொங்கு நாட்டில் பதநீருக்குப் பெயரே தெளுவு. சொல்லுக்குரிய பொருளும் கண்முன் இருக்கிறது: தேத்தாங்கொட்டை. மண்பானையின் உட்புறத்தை நனைத்து அந்தக் கொட்டையை உரசிவிட்டு, செந்நிறப் புதுவெள்ளத்தை ஊற்றி வையுங்கள். மண் மெல்லத் திரண்டு அடியில் படிய, மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். கலித்தொகையின் 142ஆம் பாட்டில், காதலன் வந்ததும் பித்து நீங்கிய பெண்ணுக்கு இந்த நீரே உவமை. அந்தக் கொட்டை காய்க்கும் மரத்தை அங்கே 'இல்லம்' என்கிறார் புலவர். உடம்பைத் தேற்ற இன்றும் சித்த மருத்துவத்தில் தேற்றான்கொட்டை லேகியம் உண்டு.

'சான்ஸ்' லத்தீனில் 'விழுதல்' என்ற வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பகடை எப்படி விழுகிறதோ அப்படி. 'தேறும்' என்பவரோ குருத்தைப் பார்த்துச் சொல்கிறார்.

கலங்கிய பானைக்குள் எட்டிப் பார்த்தவர்தான் இந்தச் சொல்லை முதலில் சொல்லியிருக்க வேண்டும். நாற்றும் நோயாளியும் அதற்குப் பின்பு வந்தவை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.