ஒரு பிளக் பாயிண்டும் ஒரு பொதுச் சுவரும்

எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் மின்சாரத்துக்கும் பஞ்சமில்லை, மின்சாரக் காருக்கும் பஞ்சமில்லை. அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையம் 1994இலிருந்து மின்சாரம் தருகிறது. திருவள்ளூருக்குப் பக்கத்தில் ஒரு காலத்தில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் லான்சர் கார் செய்த இடத்தில் இப்போது பிரெஞ்சுக் கம்பெனியான சித்ரோஎன் கார் செய்கிறது. (நம் ஊரில் சிட்ரான் என்கிறார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவனுக்கு அது கொஞ்சம் காதைக் குடையும். போகட்டும்.) 2023இல் அதே ஆலையிலிருந்து அவர்களுடைய மின்சாரக் காரும் வெளிவந்தது. 2024இல் 500 கார்கள் நம் எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் கப்பலேறி இந்தோனேசியா போயின.

கப்பலேறிய காருக்கு அங்கே சார்ஜ் போட இடம் இருக்கும். ஆனால் அந்தக் காரை ஆவடியிலோ பொன்னேரியிலோ பழைய ஃபிளாட்டில் இருக்கும் ஒருவர் வாங்கினால் எங்கே சார்ஜ் போடுவார்? என் வயதுக்காரர்கள் பலர் இன்று அசோசியேஷன் தலைவராகவோ செக்ரட்டரியாகவோ இருக்கிறீர்கள். அதனால்தான் இதன் பழைய கதையையும் சேர்த்து எழுதுகிறேன்.

மின்சார வண்டி நமக்குப் புதிதல்ல. 1895 மே மாதத்தில் மதராஸில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் அதுதான் முதல். 1953 ஏப்ரலில் நின்றுபோனது. டிராமுக்கு ஒரு சௌகரியம், கம்பெனியே வழி முழுக்கக் கம்பி இழுத்துக் கொடுத்துவிட்டது. இன்றைய வண்டி பேட்டரியைச் சுமந்துகொண்டு போகிறது. ஆகவே கம்பி வரவேண்டிய இடம் தெரு அல்ல, இரவில் வண்டி நிற்கும் இடம்.

வீட்டுக்குக் கரண்ட் கேட்பது பழைய உரிமை. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43ஆம் பிரிவைப் பாருங்கள். இடத்தின் சொந்தக்காரர் மட்டுமல்ல, அதில் குடியிருப்பவர் விண்ணப்பித்தாலும் இணைப்புத் தரவேண்டும் என்கிறது. தனி வீடாக இருந்தவரை இதில் சிக்கல் இல்லை. மீட்டரும் நம்முடையது, சுவரும் நம்முடையது.

அடுக்குமாடி வந்ததும் சுவர் பொதுவாகிவிட்டது. தமிழ்நாட்டில் இதற்கென்று 1994இல் ஒரு சட்டம் வந்தது. அதன் இடத்தில் 2022இல் புதுச் சட்டம் இயற்றினார்கள். வண்டி நிறுத்தும் இடத்தைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2010 ஆகஸ்டில், மும்பைக் குடியிருப்பு ஒன்றின் வழக்கில், முக்கியமான தீர்ப்புச் சொன்னது. தூண்களுக்கு நடுவே உள்ள பார்க்கிங் பொது இடம், பில்டர் அதைத் தனியாக விற்க முடியாது என்றது. நியாயமான தீர்ப்புதான். ஆனால் பொது இடம் என்றால், அதில் ஒரு பிளக் பாயிண்ட் பொருத்த எல்லாரையும் கேட்கவேண்டும் என்று ஆகிவிடுகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு குடியிருப்பில் நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் ஒரு பையன், நாலாவது மாடியில் வாடகைக்கு இருப்பவன், மின்சார ஸ்கூட்டர் வாங்கினான். பாயிண்ட் கேட்டு மனுக் கொடுத்தான். செக்ரட்டரி சொன்னார்: "தம்பி, இன்னைக்கு உனக்குக் குடுத்தா நாளைக்கு நாப்பது பேர் வந்து நிப்பாங்க." அரசாங்க ஆபீசில் கோப்பைக் கட்டி வைக்க நாங்கள் எழுதும் 'பரிசீலனையில் உள்ளது' என்பதற்கு இது அண்ணன் முறை. நைட் ஷிஃப்ட் முடித்து வந்து அந்தப் பையன் பேட்டரியைத் தோளில் சுமந்து மாடியேறினான். படுக்கையறையில் சார்ஜ் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே தூங்கினான். ஆபத்து எதில் அதிகம் என்று நீங்களே சொல்லுங்கள்.

செக்ரட்டரியின் பயத்தையும் தள்ளிவிட முடியாது. அதில் மூன்று விஷயம் இருக்கிறது: லோடு, தீ, பணம்.

முதலில் லோடு. கார் சார்ஜ் செய்யும் 15 ஆம்பியர் பாயிண்ட் ஒன்று சுமார் 3.3 கிலோவாட் இழுக்கும். நாற்பது வீடு என்றால் 132 கிலோவாட். பழைய கேபிளும் டிரான்ஸ்பார்மரும் தாங்காது. ஆனால் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் போட்டால்தான் இந்தக் கணக்கு. தினம் 40 கிலோமீட்டர் ஓடும் காருக்கு ஐந்து யூனிட் போதும். ஒன்றரை மணி நேர வேலை. நாற்பது காருக்கு 200 யூனிட். இரவு பத்து முதல் காலை ஆறு வரை எட்டு மணி நேரத்தில் பிரித்தால் சராசரி 25 கிலோவாட்தான். முறை வைத்துக் கரண்டைப் பங்கிட்டுக் கொடுக்கும் கருவிகளும் வந்துவிட்டன. ஸ்கூட்டருக்கு இதில் பாதிகூட வேண்டாம்.

தீ விஷயத்தில் பயப்பட வேண்டியது ஜன்னல் வழியாகத் தொங்கும் எக்ஸ்டென்ஷன் ஒயருக்குத்தான். மணிக்கணக்காக லோடு ஓடினால் மெல்லிய ஒயரும் தளர்ந்த பிளக்கும் சூடேறும். சரியான தடிமனில் தனி ஒயர், நல்ல எர்த், கசிவு கண்டால் அணைந்துவிடும் டிரிப்பர், இவற்றோடு கீழே ஒரு பாயிண்ட் இருப்பதே பாதுகாப்பு.

பணம் சுலபமாகத் தீரும். 2022 செப்டம்பரில் பொதுப் பயன்பாட்டுக் கரண்டுக்கு யூனிட் 8 ரூபாய் என்று கட்டணம் வந்தபோது எத்தனை குடியிருப்பில் சண்டை நடந்தது! இன்னொருத்தர் வண்டிக்கு நான் ஏன் கட்டவேண்டும் என்ற கேள்வி நியாயம்தான். அவரவர் வீட்டு மீட்டரிலிருந்தே ஒயர் இழுத்தால் அந்தக் கேள்வியே வராது. மீட்டர் போர்டு கீழ்த்தளத்தில் இருக்கும் கட்டடத்தில் அது சில மீட்டர் ஒயர்தான். உயர்ந்த டவர்களில் தரைக்கடியில் இரண்டு தளம் பார்க்கிங் இருந்தால் செலவு கூடும். அங்கே பொது இணைப்பும் தனித்தனி சப்-மீட்டரும் பொருந்தும்.

இதே தகராறு பிரான்சிலும் வந்தது. அங்கே அடுக்குமாடிச் சட்டம் 1965இலேயே உண்டு. 2010 ஜூலையில் இயற்றிய சட்டமும், 2011 ஜூலையில் வந்த ஆணையும் ஒரு புது உரிமையைக் கொடுத்தன. 'த்ருவா அ லா ப்ரீஸ்' என்பார்கள், பிளக்குக்கான உரிமை. சொந்தக்காரரோ வாடகைக்காரரோ தன் செலவில் பாயிண்ட் போட்டுக்கொள்ளக் கேட்கலாம். சங்கம் வெறுமனே முடியாது என்று சொல்ல முடியாது. மறுக்க வலுவான காரணம் இருந்தால், சங்கம்தான் குறித்த கெடுவுக்குள் நீதிமன்றம் போகவேண்டும். அந்தக் கெடு முதலில் ஆறு மாதம், 2021 முதல் மூன்று மாதம். நம் ஊரில் கேட்டவன் அலைகிறான், அங்கே மறுப்பவர் அலையவேண்டும்.

இங்கேயும் காரியம் நகர்கிறது. வண்டிக்குச் சார்ஜ் போட்டுக் காசு வாங்குவது சேவை, மின்சார விற்பனை அல்ல, அதற்கு லைசென்ஸ் வேண்டாம் என்று மத்திய மின் அமைச்சகம் 2018 ஏப்ரலில் விளக்கம் தந்தது. 2019இல் மத்திய அரசின் மாதிரிக் கட்டட விதிகள், பார்க்கிங்கில் 20 சதவீதம் மின் வண்டிக்குத் தயாராக இருக்கவேண்டும் என்றன. அது புதுக் கட்டடங்களுக்கு. பழைய கட்டடக்காரர்களுக்கு உதவுவது 2024 பிப்ரவரியில் திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகள். மின் வண்டிக்கென்று தனி இணைப்பே கேட்டு வாங்கலாம் என்று அவை சொல்கின்றன.

ஆனால் வாரியத்தின் பொறுப்பு மீட்டரோடு முடிகிறது. மீட்டரிலிருந்து வண்டி வரைக்கும் ஒயர் பொதுச் சுவரில்தான் ஓடவேண்டும். அந்தப் பத்து மீட்டர் நம்மைப் போன்றவர்கள் கையில் இருக்கிறது.

அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாக வையுங்கள். தரலாமா வேண்டாமா என்று வாக்கெடுக்காமல், எப்படித் தருவது என்று பேசுங்கள். முதலில் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து லோடு கணக்கெடுங்கள். ஒயர் போகும் பாதையை ஒன்றாகக் குறித்து, எல்லாரும் அந்த வழியே இழுக்கட்டும். செலவு கேட்பவருடையது, பாதுகாப்பு விதி சங்கத்துடையது என்று மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிவிடுங்கள். வாடகைக்கு இருப்பவருக்கும் அது பொருந்தும் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.