ஆணையால் வந்த சீர்திருத்தம்: இரண்டாம் ஜோசப்பின் ஆஸ்திரியா (1780–1790)

ஆஸ்திரியாவை ஆண்ட மரியா தெரசா 1780 நவம்பரில் மறைந்தார். 1765 முதல் தாயோடு பெயரளவுக்கு இணையாட்சி நடத்திப் பொறுமை இழந்திருந்த மகன் இரண்டாம் ஜோசப், மறு ஆண்டே ஆணைகளைப் பொழியத் தொடங்கினார். தணிக்கை தளர்ந்தது. புராட்டஸ்டண்டுகளும் கிழக்குத் திருச்சபையினரும் வழிபாட்டுரிமை பெற்றனர். பொஹீமியாவின் பண்ணையடிமைகள் பிரபுவின் தயவின்றி மணமுடிக்கவும் ஊர் மாறவும் தொழில் கற்கவும் வழி பிறந்தது. அறிவொளிக் காலத்தின் கொடைகள் என இவற்றைப் பாடநூல்கள் அடுக்கும். பத்தே ஆண்டுகளில் அந்த ஆட்சி ஏன் ஆட்டம் கண்டது என்பதற்கு அந்த அடுக்கில் விடை இல்லை. விடை, யாரையும் கலக்காமல் ஆணையிட்ட முறையில் இருக்கிறது.

1784இன் சவ அடக்க ஆணையை எடுத்துக்கொள்வோம். இறந்தவரின் ஆடையைக் களைந்து, உடலைத் துணிப்பையில் வைத்துத் தைத்து, சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். அடிப்பலகை திறந்துகொள்ளும் பொதுச் சவப்பெட்டி ஒன்று. உடல் குழிக்குள் விழுந்ததும் பெட்டி அடுத்த சாவுக்குத் திரும்பிவிடும். சுகாதாரம், மரச் சிக்கனம் என்று காரணங்களில் குறையில்லை. ஆனால் பெற்றவளைப் பெட்டிகூட இல்லாமல் குழியில் தள்ள யார் சம்மதிப்பார்கள்? மக்கள் கொதித்தார்கள். அழுகும் பிணத்தின் மேல் இத்தனை பற்றா என்ற சலிப்போடு, சில மாதங்களில் பேரரசர் பின்வாங்கினார். அதே ஆண்டு வியன்னாவில் திறந்த பெரிய பொது மருத்துவமனையோ நிலைத்துவிட்டது.

அச்சுலகிலும் இதே இழுபறிதான். தணிக்கை தளர்ந்ததும் வியன்னாவில் துண்டுப்பிரசுரங்கள் வெள்ளமாய்ப் பெருகின. பாதிரியார், போப்பாண்டவர், ஏன், பேரரசரே அவற்றில் அடிபட்டார். 1785இல் பொமார்ஷேயின் ‘ஃபிகாரோவின் திருமணம்’ நாடகத்தை அச்சிடலாம், மேடையேற்றக் கூடாது என்றார் ஜோசப். படிப்பவர் சிலர், பார்ப்பவர் பலர் என்ற கணக்காக இருக்க வேண்டும். மறு ஆண்டு மே மாதம் மோட்சார்ட்டின் இசையில் அதுவே அரண்மனை அரங்கில் ஓப்பராவாக ஏறியபோது, பிரபுக்களைச் சாடும் நீண்ட தனிமொழியின் இடத்தில் பெண்களைக் கேலி செய்யும் பாட்டு இருந்தது. 1789இல் பிரசுரங்கள் மீது முத்திரை வரி விழுந்தது.

கிராமத்தில் விளைவு கடுமையானது. பேரரசர் நம் பக்கம், குறுக்கே நிற்பவர்கள் பிரபுக்கள்தான் என்று குடியானவர்கள் நம்பினர். திரான்சில்வேனியாவின் ஹோரியா வியன்னாவுக்கே போய் மனு கொடுத்துவந்தவர். 1784இல் அவர் தலைமையில் ருமேனியக் குடியானவர்கள் ஹங்கேரியப் பிரபுக்களின் மாளிகைகளைக் கொளுத்தினர். 1785 பிப்ரவரியில் ஹோரியாவைச் சக்கரத்தில் வைத்து உடைத்துக் கொன்றது அதே பேரரசரின் அரசு. சில மாதங்களில் பண்ணையடிமை ஒழிப்பாணை ஹங்கேரிக்கும் நீண்டது. கிளர்ச்சிக்குத் தண்டனையும் அதன் கோரிக்கைக்குச் செவியும் ஒரே கையால் கிடைத்தன.

உச்சம் 1789இன் வரியாணை. நிலங்கள் அளக்கப்பட்டன, விளைச்சலின் மதிப்பில் நூற்றுக்கு 70 குடியானவருக்கு, 12 சொச்சம் அரசுக்கு, 18க்குச் சற்றுக் குறைவாகப் பிரபுவுக்கு, கட்டாய உழைப்பு பணமாக மாறும். பிரபுக்களின் வருமானத்தில் கைவைத்த இந்த ஆணைதான், என் பார்வையில், முந்தைய எல்லாவற்றையும்விடப் புரட்சிகரமானது. அதற்கு ஆதரவாக நிற்க அமைப்பான கூட்டம் எதுவும் இல்லை; குடியானவர்களுக்கு மன்றத்தில் இடமில்லை. எதிர்த்தவர்களுக்கோ மாகாண மன்றங்களே கையில் இருந்தன. துருக்கியோடு நடந்த போர் கஜானாவைக் கரைத்துக்கொண்டிருந்தபோது, ஜோசப்பின் ஆட்சியில் இருந்த பெல்ஜியம் கிளர்ந்தெழுந்து, 1790 ஜனவரியில் தனிக் கூட்டாட்சியாகத் தன்னை அறிவித்தது. அங்கே பழைய உரிமைகளைக் காக்க எழுந்தவர்களும் புது உரிமை கேட்டவர்களும் ஒரே அணியில் நின்றார்கள். முடிசூட்டிக்கொள்ளாமலே ஆண்ட ஹங்கேரியிலும் அதே ஜனவரியில் பெரும்பாலான ஆணைகளை ஜோசப் விலக்கிக்கொண்டார். பிப்ரவரி 20இல் இறந்தார்.

தம்பி லியோபோல்ட் வரியாணையை ரத்து செய்தார். சமயச் சகிப்பிலும் குடியானவரின் தனிமனித உரிமையிலும் கைவைக்கவில்லை. கட்டாய உழைப்பு ஒழிய 1848 புரட்சி வர வேண்டியிருந்தது. அதற்கான தீர்மானத்தை வியன்னாவின் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த ஹன்ஸ் குட்லிக் ஒரு குடியானவரின் மகன்.