பல் வைத்தியருக்கு ஒரு பதிவேடு

கல்கத்தாவிலும் சென்னையிலும் பழைய கடைத்தெருக்களில் சீனக் குடும்பத்தார் நடத்திவந்த பல் வைத்தியக் கூடங்களை நேயர்கள் சிலர் கண்டிருக்கலாம். தந்தையின் அருகே நின்று மகன் கற்ற தொழில் அது. வடநாட்டு நகரங்களிலோ, குறடும் கட்டுப்பற்களும் பரப்பிப் பாதையோரத்திலேயே தொழில் செய்தவர்கள் உண்டு. பட்டமில்லை, பதிவுமில்லை. ஆயினும் ஏழைகளின் பல்வலிக்கு அவர்களே கதியாயிருந்தனர்.

முறையான கல்வி கல்கத்தாவில் தொடங்கிற்று. அமெரிக்காவில் பயின்று திரும்பிய டாக்டர் ரபியுத்தீன் அகமது 1920-இல் அங்கே நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவினார். அதற்குப் பொருள் தேட அவர் ஒரு சோடாக் கடை நடத்தினார் என்பது சுவையான செய்தி. 1939-இல் வங்காள மாகாணம் இத்தொழிலுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. நாடு முழுமைக்குமான பல் வைத்தியர் சட்டம் 1948-இல் பிறந்தது. மறு ஆண்டு இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் அமைந்தது.

கல்லூரிகளின் தரத்தை வரையறுப்பதில் பெரிய சிக்கல் இல்லை. பட்டம் பெறாமல் பல்லாண்டு தொழில் புரிந்தவர்களை என் செய்வது என்பதே கேள்வி. சட்டம் பதிவேட்டை இரண்டாக வகுத்தது. அங்கீகாரம் பெற்ற பட்டமுடையோர் 'ஏ' பகுதியில் இடம் பெற்றனர். குறித்த தேதிக்கு முன் ஐந்தாண்டுகளேனும் இத்தொழிலையே முக்கிய ஜீவனமாகக் கொண்டிருந்தோர்க்குப் 'பி' பகுதி. பிரிவினையால் இடம்பெயர்ந்து வந்தோர்க்கும் பின்னர் அதிலே வழி செய்யப்பட்டது. கல்லூரியில் உழைத்துப் பட்டம் பெற்றவர்க்கு இது மனக்குறையாய் இருந்திருக்கக்கூடும். எனினும், நேற்றுவரை குற்றமல்லாத பிழைப்பை ஒரே நாளில் குற்றமாக்குவது நியாயமன்று என்றே நாம் கருதுகிறோம்.

பதிவு பெறாதார் தொழில் செய்யலாகாது என விதித்த அதே பிரிவில் ஒரு விலக்கும் உண்டு. அவசரம் நேர்ந்து, பதிவுபெற்ற பல் வைத்தியரும் கிட்டாதபோது, யாரும் பல்லைப் பிடுங்கலாம். மயக்க மருந்தோ மரப்பு மருந்தோ மட்டும் கொடுக்கலாகாது. சட்ட வாசகங்களை நாள்தோறும் தமிழாக்கும் நமக்கு, குக்கிராமத்து இரவையும் எண்ணிப் பார்த்து எழுதிய இத்தகைய வரி அபூர்வமாகவே எதிர்ப்படுகிறது. பிடுங்கிக்கொள்பவர் பாடு வேறு!

1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் நிற்பதற்கென 2023-இல் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதன்படி, கல்லூரிப் படிப்பின் முடிவில் ஒரு பொதுத் தேசியத் தேர்விலும் தேறியவர்க்கே தொழில் உரிமம்.