வலியின் எடையும் மருந்தின் எடையும்

புற்றுநோய்க்கு அரபு மருத்துவர்கள் இட்ட பெயர் ‘ஸரதான்’. நண்டு என்பது அதன் பொருள். அந்தலுஸின் அறுவை மருத்துவ மேதை அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி (936–1013), முற்றிய புற்றைத் தாம் குணப்படுத்தியதுமில்லை, குணப்படுத்தியவரைக் கண்டதுமில்லை என்று ‘அத்தஸ்ரீஃப்’ நூலில் ஒளிக்காமல் எழுதினார். குணப்படுத்த இயலாத இடத்தில் மருத்துவரின் கடமை முடிந்துவிடுகிறதா?

இவ்வினாவுக்கு இப்னு சீனாவின் (980–1037) ‘அல்கானூன்’ வழிகாட்டுகிறது. அதன் முதல் நூல் வலியைத் தனிப் பொருளாகவே ஆராய்கிறது. குத்துவது, துளைப்பது, துடிப்பது, அழுத்துவது, கனப்பது என வலியைப் 15 வகைகளாகப் பிரிக்கிறது. இன்றைய மருத்துவரும் முதலில் கேட்பது அதையே. எரிச்சலாகவோ மின்னதிர்ச்சி போலவோ இருப்பின் அது நரம்புவலியாகலாம். அதற்கு மருந்து வேறு.

வலியின் காரணத்தை நீக்குதல், இதப்படுத்துதல், உணர்வை மரக்கச் செய்தல் ஆகியவற்றை இப்னு சீனா எடுத்துரைக்கிறார். மரக்கச் செய்பவற்றுள் வலிமை மிக்கது அபின் என்கிறார். அதன் தீங்கையும் அவர் மறைக்கவில்லை. வலியால் விளையும் கேடு பெரிதா, மருந்தால் விளையும் கேடு பெரிதா என நிறுத்துப் பார்க்கச் சொல்கிறார். கடும் வலி ஆளையே கொல்லக்கூடும் என்பது அவர் கருத்து.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய மருந்தாளர் செர்ட்யூர்னர் அபினிலிருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்தார். 1986இல் உலக சுகாதார நிறுவனம், புற்றுநோய் வலிக்கு இயன்றவரை வாய்வழியாக, வலி மீளும்வரை காத்திராமல் நேரந்தவறாது மருந்தளிக்க வழிவகுத்தது. இவ்விதிகள் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதலிலும் தொடர்கின்றன.

இந்தியாவிலோ, 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் மார்ஃபினை நோயாளிக்கு எட்டாததாக்கியது. சட்டபூர்வமாக அபின் விளைவிக்கும் நாட்டிலேயே இந்நிலை! 2014ஆம் ஆண்டுத் திருத்தம் தடைகளைத் தளர்த்தியது. அதற்கு முன்பே, 1993இல் கோழிக்கோட்டில் தோன்றிய வலிநிவாரண இயக்கம் மலப்புறத்தில் மக்கள் இயக்கமாயிற்று. பயிற்சி பெற்ற தொண்டர்கள் வீடு தேடிச் சென்றனர். சாமானியரின் சிறு நன்கொடைகள் அதைத் தாங்கின.

நம் இல்லங்களில் இன்னும் இரண்டு தயக்கங்கள் உண்டு. ‘அது போதைப்பொருளல்லவா’ என்பது ஒன்று; ‘ஸப்ரு செய்யட்டுமே’ என்பது மற்றொன்று. நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதையும் ஆகுமாக்கும் என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. மருத்துவர் மேற்பார்வையில் வலிக்கேற்ற அளவில் தரப்படும் மார்ஃபினுக்குப் புற்றுநோயாளி அடிமையாவது அரிது. மலச்சிக்கல் வரும், அதற்கான மருந்தையும் தொடக்கத்திலேயே தருவர்.

ஸப்ரு நோயாளியின் அணிகலன். அதைக் காரணம் காட்டி மருந்தை மறுக்கும் உரிமை அருகிலிருப்போருக்கு இல்லை. வலி தணிந்தவரே நிம்மதியாகத் தொழவும், மக்களோடு பேசவும், வஸிய்யத் சொல்லவும் இயலும்.